சட்டமும் சமூக மனமும்: ‘நிலவிலே பேசுவோம்’ முதல் ‘பஞ்சமர்’ வரை

சமூகத்தின் மனப்பாங்கு மாறுகையில் சட்டமும் அரசின் கொள்கையும் அதனைப் பின்பற்றி மாறுகின்றன என்பது தாராண்மைவாதிகள் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், யாருடைய மனப்பாங்கு, அது எவ்வாறு வலிமை பெற்றது என்னும் வினாக்களை அக்கருத்து எழுப்புவதில்லை. ஈழத்துச் சாதிய எதிர்ப்பு இலக்கியம் இவ்வினாக்களைச் சட்டவியலாரிலும் கூர்மையாக எழுப்பியுள்ளது என்பதே எமது துணிபு.

என். கே. ரகுநாதன் 1951இல் எழுதிய ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. மேடையிலே சீர்திருத்தம் பேசும் பிரமுகர் ஒருவர், தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டினுள் அழைக்க மனமின்றி, நிலவொளியைச் சாட்டாக வைத்து வெளியே அழைத்துச் செல்கிறார். அவர் கடுஞ்சொல் ஒன்றும் கூறுவதில்லை. அவரது இன்சொல்லே கதையின் கொடுமை. பொதுமேடையில் மாறிவிட்ட மனம் வீட்டுத் திண்ணையில் மாறவில்லை. இந்த இரட்டைநிலையை எமது விமர்சகர் சிலர் தனிமனித வேடதாரித்தனமாகவே விளக்கியுள்ளனர்; அது போதாது. நிலவுடைமையாலும் குடிமை முறையாலும் பேணப்பட்ட ஓர் உறவு, புதிய அரசியற் சொற்களைக் கற்றுக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே அங்கு சித்திரிக்கப்படுகிறது.

ஆறாண்டுகளின் பின், 1957இல், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. பிரமுகர்களின் மனமாற்றம் மட்டும் அதனைக் கொணர்ந்ததன்று. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை தாழ்த்தப்பட்டோரையும் கணக்கில் எடுக்கவேண்டிய எண்ணிக்கையாக்கியது (அவ்வுரிமையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் எதிர்த்தமை நினைவிற்கொள்ளத்தக்கது). இலவசக் கல்வியும், சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் உழைப்பும், இடதுசாரிகளின் குரலும் அதனோடு சேர்ந்தன. கடை, பாடசாலை, வழிபாட்டிடம் முதலியவற்றிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று.

ஆயினும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனை அடுத்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே அதற்கு உயிரூட்டின. மாவிட்டபுரத்தில் வழிபட வந்தோரைத் தடுத்து நின்ற சி. சுந்தரலிங்கம் ஒருகாலத்திற் கணிதப் பேராசிரியர், பின்னர் அமைச்சர். அவர் அதே சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டார். கோமறைக் கழகம் வரை சென்ற அவரது மேன்முறையீடும் 1971இல் தள்ளப்பட்டது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கூட்டப்பட்டது. உயர்கல்வியும் நவீன சிந்தனையும் பரவினால் சாதி தானே உதிரும் என்போர்க்கு இவ்வழக்கினை விடத் தக்க மறுப்பு வேண்டுவதில்லை. கோயில் வாயிலில் அடிபட நின்றவர்கள் இல்லையேல் அச்சட்டம் அவரைத் தொட்டிராது.

அவ்வியக்கத்தின் அமைப்பாளருள் ஒருவரான கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ இக்காலப் போராட்டங்களின் நாவல். சம்பவப் பெருக்கமும் பாத்திரப் பெருக்கமும் அதன் கட்டுக்கோப்பைத் தளர்த்தியுள்ளன என்னும் குறை நியாயமானதே. வர்க்க உணர்வுடையார் இக்குறையைக் கூறக்கூடாது என்பது தவறான வாதம். எனினும் யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சுமொழியில் அந்நாவல் ஒன்றை நிலைநாட்டுகிறது: ஒடுக்கப்பட்டோர் இங்கு பிறரது கருணைக்குரிய பொருள்களல்லர். ரகுநாதனின் விருந்தினர் நிலவில் நின்று கேட்டனர். டானியலின் மாந்தர் கூட்டாக எழுகின்றனர். சட்டத்தின் வரலாற்றில் விடுபட்டுப்போகும் இடைப்படி அதுவே.

ஆனால் ஒரு விடயத்திற் சிறுகதையே முன்சென்றுள்ளது. 1957இன் சட்டம் கடைக்கும் கோயிலுக்கும் செல்லும்; ரகுநாதன் காட்டிய வீட்டுவாசலுக்குள் அது செல்வதில்லை. திருமணத்தையும் விருந்தையும் அது தீண்டாது. ‘பஞ்சமர்’ தந்த வெற்றியின் பின்னர் அவ்வாசலில் நிகழ்வனவற்றை எழுதுவதே அடுத்த கட்டமாக இருந்திருக்கவேண்டும். டானியலோ ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ ஆகிய பின்னைய நாவல்களிற் கூடுதலும் முந்திய தலைமுறைகளின் காலத்தையே நாடிச் சென்றார்.