இசை அச்சுக்கோப்பு மென்பொருள்களில் புதுக்குறியாக்கம்: கமகக் குறிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஐங்கோட்டு இசையெழுத்தில் வழக்கமாக இடம்பெறாத குறியொன்றை இன்றைய அச்சுக்கோப்பு மென்பொருளில் வரைந்து சேர்ப்பது கடினமன்று. டோரிக்கோ, மியூஸ்கோர், லிலிபாண்ட் ஆகிய மூன்றும் அதற்கு வழிதருகின்றன. ஆயின், வரைந்த உருவம் மட்டுமே குறியாகிவிடாது. குறியாக்கத்தில் உருவம், இருப்பிடம், பொருள் என மூன்று கூறுகள் உள்ளன. இவற்றுள் முதற்கூறு எளிதாகியுள்ள அளவுக்கு ஏனைய இரண்டும் எளிதாகவில்லை என்பதைக் கமகக் குறிகள்வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அச்சில் ஒரு முன்மாதிரி

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. சுர எழுத்துகளோடு கமகக் குறிகளையும் சேர்த்து அச்சிட்டமை அந்நூலின் தனிச்சிறப்பாகும். கம்பிதத்திற்கு அலைக்கோடு, ஏற்ற இறக்க ஜாருகளுக்குச் சாய்கோடுகள், நொக்கிற்கு ஆங்கில 'டபிள்யூ' போன்ற வடிவம் என அவை அமைந்தன. இவ்வுருவங்கள் மிக எளியவை. நூலாசிரியர் கமகங்களுக்குத் தந்த விளக்கங்களே அவற்றைக் குறிகளாக நிலைநிறுத்தின.

மாற்றுருவால் நேரும் இழப்பு

இக்குறிகளைக் கணினியில் அமைப்போர்க்கு, மென்பொருளில் ஏற்கெனவே உள்ள ஒத்த உருவத்தைக் கடன்கொள்வதே எளிய வழியாகத் தோன்றும். கம்பிதத்திற்காக டிரில்லின் அலைக்கோட்டைப் பயன்படுத்தினால் தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் மென்பொருள் அதனை டிரில்லாகவே இசைக்கும். மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றும்போதும் டிரில் என்றே பதியும். நொக்கினை ஆங்கில எழுத்தாகத் தட்டச்சிட்டால் தேடலில் அது வெறும் எழுத்தாகவே கிடைக்கும். கீர்த்தனைகளின் கமகப் பரவலைக் கணினிவழி ஆராய முற்படும் ஆய்வாளர்க்கு இத்தகைய தரவு பயன்படாது. உருவத்தைப் படமாக ஒட்டினாலோ, அது சுரத்தோடு பிணைப்பின்றி நிற்கும்; பக்க அமைப்பு மாறினால் இடம் பிறழவும் கூடும்.

எழுத்துருத் தரமும் அதன் எல்லையும்

2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்மூஃபில் என்னும் இசை எழுத்துருத் தரம் இச்சிக்கலை ஓரளவு தீர்த்தது. ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட இசை வடிவங்களுக்கு இடமும் பெயரும் வரையறுத்து, வடிவங்களின் இணைப்புப் புள்ளிகளைத் தனிக் கோப்பில் பதியவும் அது வகைசெய்கிறது. துருக்கிய, பாரசீக இசைகளின் சுருதிக் குறிகளுக்கு அதில் தொகுதிகள் உண்டு; கமகக் குறிகளுக்கெனத் தனித் தொகுதி இல்லை.

எழுத்துரு வடிவமைப்பாளர் தம் விருப்பப்படி நிரப்புவதற்கு அதில் ஒதுக்கப்பட்ட பகுதியும் உண்டு. கமகக் குறிகளை அங்கு அமைக்கலாம். எனினும் ஓர் எழுத்துருவில் நொக்காக உள்ள இடத்தில் மற்றோர் எழுத்துரு வேறொன்றைக் காட்டக்கூடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தோர் இவ்விடரை நன்கறிவர். தமிழ் எழுத்துகளுக்குப் பொதுக்குறியேற்றம் தந்த தீர்வே இங்கும் வேண்டப்படுகிறது.

பொருள் என்னும் கூறு

டோரிக்கோவில் பயனர் புதிய சுருதிக் குறியை உருவாக்கும்போது அது சுரத்தை எவ்வளவு உயர்த்தும் அல்லது தாழ்த்தும் என்பதையும் வரையறுக்கலாம். உருவத்தோடு பொருளும் பதிவாவதால் இது பாராட்டத்தக்க முறையே. ஆயினும் கமகத்திற்கு இது பொருந்தாது. தோடியின் காந்தாரமும் பைரவியின் நிஷாதமும் கம்பிதம் பெறுவனவே. ஆனால் அசைவின் எல்லையும் போக்கும் இரண்டிலும் ஒன்றல்ல. ஒரு குறிக்கு ஓர் அளவு என்னும் கொள்கை இங்குத் தளர்கிறது. கமகக் குறியின் பொருள் இராகத்தையும் முன்பின் சுரங்களையும் சார்ந்தது என்பதைத் தரவமைப்பே ஏற்க வேண்டும். இதற்கு, கமகத்தின் பெயர், அது பற்றி நிற்கும் சுரம், இராகம் ஆகியவற்றைப் பதிந்தால் போதும்; ஒலி அளவை அதில் திணிக்க வேண்டியதில்லை.

முடிவுரை

ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி 2024-இல் நிறுத்தப்பட்டது. அதில் பயனர் தாமே வரைந்த குறிகளின் எதிர்காலம், அவை பிற மென்பொருள் அறியும் பெயரோடு பதிவாயினவா என்பதைப் பொறுத்ததாயிற்று. ஆகவே கமகச் சுரக்குறிப்பைக் கணினிப்படுத்துவோர் படங்களைத் தவிர்த்து எழுத்துருவில் வடிவமைப்பதும், ஒவ்வொரு குறிக்கும் பெயரும் விளக்கமும் கொண்ட அட்டவணையைப் பதிப்போடு சேர்ப்பதும் இன்றியமையாதன. ஸ்மூஃபில் தரத்தை இன்று பேணிவரும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் இசைக்குறியீட்டுக் குழுவிடம் கமகத் தொகுதிக்கான முன்மொழிவை அளிப்பது அடுத்த பணியாகும். இசையறிஞரும் கணினித் தமிழறிஞரும் இணைந்தே அதனைச் செய்ய இயலும்.