வீடுகளுக்கு நடுவே இருந்த குடும்பம்

கூட்டுக்குடும்பம் உடைந்து தனிக்குடித்தனம் பெருகியது என்று எல்லோரும் சொல்கிறோம். சமூகவியலாளர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேள்வி கேட்டுவிட்டார்கள். குஜராத்தின் ராத்வானஜ் கிராமத்தில் 1825-இல் எடுத்த குடிக்கணக்கை ஏ. எம். ஷா ஆராய்ந்தபோது, அன்றைக்கே பெரும்பாலான வீடுகள் சிறியவையாக இருந்தது தெரிந்தது. 1968-இல் பாலின் கோலெண்டா பல பகுதிகளின் கள ஆய்வுகளை ஒப்பிட்டார். கூட்டுக்குடும்பம் கங்கைச் சமவெளியில் மிகுதி, தெற்கே குறைவு. பிறந்த வீட்டின் பக்கபலம் உள்ள பெண்ணால் தனிக்குடித்தனம் கேட்டு வாங்க முடிகிறது என்பது அவர் தந்த விளக்கம். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் மாறியது எது? விடை தேட மானிடவியலாளர் லூயி துய்மோனிடம் போக வேண்டும். மதுரை மேற்கிலுள்ள பிரமலைக் கள்ளர்களைப் பற்றி 1957-இல் அவர் வெளியிட்ட நூல், கொண்டு கொடுத்த இரு வீடுகளின் உறவு தலைமுறை தாண்டித் தொடர்வதையும், சீர்வரிசை அதைத் தாங்கி நிற்பதையும் விரிவாகக் காட்டுகிறது. தாமஸ் டிரவுட்மன் 1981-இல் திராவிட உறவுமுறையின் வரலாற்றையே எழுதினார். இவற்றைச் சேர்த்துப் படித்தால், தமிழ்க் குடும்பத்தின் உயிர் ஒரு கூரைக்குள் எத்தனை பேர் என்பதில் இருந்ததில்லை என்று புரிகிறது. மாமன் வீடு, அத்தை வீடு, சம்பந்தி வீடு என்று வீடுகளுக்கு நடுவே அது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டம்தான் இப்போது வற்றுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த இருவர் மணந்தால், அவர்கள் குழந்தைக்குச் சொந்தத் தாய்மாமன் இல்லை. அத்தை, சித்தி, பெரியப்பா, யாருமே இல்லை. காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். தாயின் பெரியம்மா மகன் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து உட்காருகிறார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அந்தப் புது முகத்தைப் பார்த்து மிரண்டு அழுகிறது. சடங்கு நிறைவேறிவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போதும் பெண்ணாயிருந்தால் வயதுக்கு வரும்போதும் அவர் வருவாரா?

உறவுக்குள் மணம் முடிப்பது இன்னும் ஒழியவில்லை. தமிழ்நாட்டு மணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல் அப்படிப்பட்டவை என்கிறது அதே ஆய்வு. முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் பிறக்காத தலைமுறையில் அதுவும் தானே குறையும்.

இந்த உறவோடு பின்னிக் கிடக்கும் சொத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாடு 1989-லேயே பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையில்லாமல் வந்தது. ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகங்களில் அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். "பங்கைக் கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிடும்" என்பதே அந்தக் கையெழுத்துக்குப் பின்னாலுள்ள பயம். அண்ணன் கொண்டுவரும் சீரின் ஒரு பகுதி, அவள் கேட்காமல் விட்ட பங்குக்கு ஈடு. தாய்மாமன் பாசத்தை எத்தனை மதித்தாலும் இதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். பங்கு கேட்டதற்காக அறுந்துபோகும் உறவை அவள் தன் நிலத்தைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களைக் குடும்பமாக எண்ணுகிறது. வீட்டுக்கு வீடு ஓடும் உறவு அதில் அகப்படாது. அகப்படுவது மொய் நோட்டில்: ஊர், பெயர், தொகை என்று வரிசையாக. ஒரே வீட்டின் 1980-ஆம் ஆண்டு நோட்டையும் இன்றைய நோட்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஊர்க்காரர்கள் நின்றுபோனார்கள், மாமன் மச்சான் இருந்த வரிகளில் அலுவலக நண்பர்களும் அடுக்குமாடி அண்டை வீட்டாரும் எப்போது ஏறினார்கள் என்று ஆண்டுவாரியாகவே சொல்லிவிடலாம். வீட்டின் தலைக்கணக்கை எடுத்த அளவுக்கு இந்தக் கணக்கை நம் ஆய்வாளர்கள் எடுக்கவில்லை. நோட்டுகளோ பரணில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.