போர்ட் லூயிஸின் தால் பூரி

மலேசியாவின் சுங்கைப்பட்டாணிக் கடைகளில் ரொட்டி சானாய் தட்டும் ஓசையோடு வளர்ந்தவள் நான். மொரிசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் துறைமுகத்தைவிட எனக்குப் பிடித்துப்போனது மத்தியச் சந்தைப் பக்கம் விற்கும் தால் பூரிதான். நம்மூர் ரொட்டி மாஸ்டர் மாவைக் காற்றில் வீசி விரிப்பார். தால் பூரியில் வீச்சு கிடையாது, கைப்பதம்தான் எல்லாம். மஞ்சள் சேர்த்து வேகவைத்த பருப்பை ஈரம் போக மாவாகப் பொடித்து, உருண்டைக்குள் பொதிந்து தேய்க்கிறார்கள். ஓரம்வரை பருப்பு பரவ வேண்டும்; மேல்தோல் கிழியவும் கூடாது. கல்லில் மெல்ல உப்பி, சீரக வாசனையோடு அடங்கும்போதும் நிறம் சிவக்காமல், துணிபோல மடங்கும் பதத்தில் எடுத்துவிடுகிறார்கள். அந்த நிதானத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இரண்டிரண்டாகத்தான் தருகிறார்கள். மேலே பெரிய அவரைக்கொட்டைக் கறி, 'ருகாய்' என்ற தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய்ச் சட்னி. காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்ததும், அலுவலகக் கூட்டத்தோடு நடைபாதையில் நின்றே சாப்பிட வேண்டும். பருப்புத்தூள் நாக்கில் மணல்மணலாக உதிர்கிறது, பிறகுதான் உறைப்பு மெல்ல ஏறுகிறது.