தோட்டாவின் வேகமும் ஓசையும்: இரண்டு எண்களை உரசிப் பார்ப்போம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் பள்ளி, கல்லூரிகளில் தேசிய மாணவர் படையில் சேரும் மாணவர்கள் முதன்முதலில் கையில் எடுக்கும் துப்பாக்கி 0.22 அங்குல ரைபிள்தான். விரல் நுனியளவு தோட்டா, தோளை உலுக்காத உதைப்பு, காதைப் பிளக்காத வெடி என்பதால் புதியவர்கள் குறி பழக ஏற்றது.

இந்த ரைபிளைப் பற்றி இரண்டு எண்கள் இன்று வழங்குகின்றன. ஒன்று, மாணவர் படைச் சான்றிதழ்த் தேர்வுக்கெனக் கைமாறும் பாடக் குறிப்புகள் பலவற்றில் உள்ளது: குழலை விட்டு வெளியேறும் குண்டின் வேகம் வினாடிக்கு 2,700 அடி. மற்றொன்று, அமெரிக்காவின் சி.சி.ஐ. நிறுவனம் விற்கும் 'குவயட்-22' என்னும் ஓசை குறைந்த தோட்டாவின் விளம்பரத்தில் வருவது: சுடுபவரின் காதருகே 68 டெசிபெல். தோட்டத்துக்குத் தொல்லை தரும் உயிர்களைச் சந்தடியின்றிச் சுடலாம், வீட்டுக் கொல்லையிலேயே குறி பழகலாம் என்பது இத்தகைய தோட்டாக்கள் தரும் வாக்குறுதி. முதல் எண் மனப்பாடத்துக்கு, இரண்டாவது விற்பனைக்கு. இரண்டையும் மேல்நிலை வகுப்பு இயற்பியல் என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளிம்பில் பிறக்கும் வெடி

பெரிய ரைபிள்களின் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கேப்பு பதிக்கப்பட்டிருக்கும். 0.22 தோட்டாவில் அது இராது. பித்தளைக் கூட்டின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பின் உள்மடிப்பில், அடிபட்டால் தீப்பற்றும் மருந்து வைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றி, கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்திவிடும். விளிம்பில் தீப்பற்றுவதால் இவ்வகைக்கு 'ரிம்பயர்' என்று பெயர்.

விளிம்பு நசுங்கவேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய கூடு பெரும் அழுத்தத்தைத் தாங்காது. எனவே இதில் அடைக்கப்படும் வெடிமருந்து மிகக் குறைவு, பொதுவாக 0.1 கிராமை ஒட்டியது. இந்தச் சிறிய அளவை மறவாமல் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

பாரிசைச் சேர்ந்த ஃப்ளோபேர் என்பவர் 1845-இல் இதன் முன்னோடியை உருவாக்கினார். வீட்டுக் கூடத்திலேயே குறி பழகுவதற்கான அந்தத் தோட்டாவில் தனி வெடிமருந்தே கிடையாது. தீப்பற்றும் மருந்தின் வேகமே குண்டைத் தள்ளியது. 1857-இல் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தார் அதை வளர்த்து 0.22 தோட்டாவாக்கினர். இன்று உலகெங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' வகை 1887-இல் வந்தது. ஆக, ஓசை குறைந்த தோட்டா என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. வளர்ந்த தோட்டாவை அதன் குழந்தைப் பருவத்துக்கே திருப்பி அழைத்துச் செல்லும் முயற்சி அது.

முதல் எண்: 2,700 அடி

வினாடிக்கு 2,700 அடி என்றால் 823 மீட்டர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் செல்கிறது. அப்படியானால் இந்தக் குண்டு ஒலியைப் போல் ஏறக்குறைய 2.4 மடங்கு விரைவாகச் செல்லவேண்டும்.

ஒலியை முந்திச் செல்லும் குண்டு காற்றில் ஓர் அதிர்ச்சி அலையை எழுப்பும். படகின் முனையிலிருந்து இருபுறமும் விரியும் நீரலையைப் போன்றது அது. எர்ன்ஸ்ட் மாக், சால்கர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அதைப் படம்பிடித்து 1887-இல் வெளியிட்டனர். காதுக்கு அது சாட்டைச் சொடுக்குப் போலக் கேட்கும். குழல்வாயில் ஒரே இடத்தில் தோன்றி அடங்கும் ஓசை அன்று இது. குண்டு ஒலியை முந்திச் செல்லும் வழியெல்லாம் தொடர்ந்து பிறப்பது.

இனி ஆற்றலைக் கணக்கிடுவோம். சாதாரண 0.22 குண்டின் எடை 40 கிரெய்ன்; அதாவது 2.6 கிராம். வினாடிக்கு 823 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 880 ஜூல் ஆகும். ஒரு கிராம் புகையற்ற வெடிமருந்து எரிந்தால் வெளிப்படுவது 4,000 முதல் 5,000 ஜூல் வரை. எனவே 0.1 கிராம் மருந்தில் அடங்கியிருப்பது 400 அல்லது 500 ஜூல்தான். மருந்து முழுவதும் எரிந்து, அதன் ஆற்றலில் ஒரு துளியும் சிந்தாமல் குண்டுக்கே போய்ச் சேர்ந்தாலும் 880 ஜூல் கிடைக்காது. உழக்கு நெல்லைக் குத்தி நாழி அரிசி எடுக்க முடியுமா?

உண்மை வேகம் என்ன? சாதாரண 0.22 லாங் ரைபிள் தோட்டாக்களின் வேகம் வினாடிக்கு 1,070 முதல் 1,250 அடி வரை. அதாவது 325 முதல் 380 மீட்டர். 330 மீட்டர் என்று கொண்டால் ஆற்றல் 140 ஜூல். மருந்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு குண்டுக்குப் போகிறது என்று இதற்குப் பொருள். இது நம்பத் தகுந்த கணக்கு. 2,700 அடி என்பதோ 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். ரைபிளின் வேகத்தை ஒட்டிய எண். அது சிறிய ரைபிளின் பெயருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, படி எடுத்தவர் கைகளிலெல்லாம் பயணம் செய்கிறது.

கணக்கு போதாதென்றால் சோதனை உண்டு. ஆங்கில அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் விளக்கிய ஊசல் முறை அது. 2.6 கிலோ எடையுள்ள மரக்கட்டையை 2 மீட்டர் நீளக் கயிறுகளில் தொங்கவிட்டுச் சுட்டால், குண்டு கட்டையில் புதைந்து அதைத் தள்ளும். உந்த அழிவின்மை விதிப்படி கட்டையின் வேகம் குண்டின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டு 330 மீட்டர் வேகத்தில் வந்தால் கட்டை 15 சென்டிமீட்டர் நகரும். 823 மீட்டர் வேகத்தில் வந்தால் 37 சென்டிமீட்டர் நகரும். வேறுபாட்டைப் பள்ளி அளவுகோலே காட்டிவிடும். சுடுதளத்தில், பொறுப்பதிகாரியின் மேற்பார்வையில் மட்டுமே செய்யவேண்டிய சோதனை இது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே குறிப்புகளில் 0.22 குண்டு அதிக அளவாக 1,700 கெஜம் வரை செல்லும் என்றும் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். இது சரியான அளவே, மிகப் பயனுள்ள எச்சரிக்கையும்கூட. ஒரே பட்டியலில் சரியும் தவறும் அருகருகே இருக்கும்போது மாணவர் எதை நம்புவது? இயற்பியல் படித்த மாணவர் சரியான வேகத்தை எழுதினால் அவருக்கு மதிப்பெண் கிடைக்குமா? எண் என்பது ஆராய்வதற்கன்று, ஒப்பிப்பதற்கே என்னும் எண்ணம் இங்கேதான் முளைவிடுகிறது.

இரண்டாவது எண்: 68 டெசிபெல்

இனி விளம்பரத்துக்கு வருவோம். முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். இந்தத் தோட்டாவின் குண்டும் 40 கிரெய்ன் எடைதான். வேகம் மட்டும் வினாடிக்கு 710 அடி, அதாவது 216 மீட்டர். எந்தக் குளிரிலும் இது ஒலியை முந்தாது. ஆகவே சாட்டைச் சொடுக்கு அறவே இல்லை. மருந்து குறைந்ததால், குழல்வாயில் வாயு வெடித்து வெளியேறும் ஓசையும் குறைகிறது. நீண்ட குழலுக்குள்ளேயே வாயு விரிந்து தணிந்துவிடுவது கூடுதல் உதவி. ஓசை குறைகிறது என்பதில் ஐயமில்லை.

எவ்வளவு குறைகிறது என்பதில்தான் சிக்கல். சாதாரணத் தோட்டாவைவிடக் காதுக்குப் புலப்படும் ஓசை 75 விழுக்காடு குறைவு என்றும் அதே விளம்பரம் கூறுகிறது. ஓசை பாதியாகக் குறைந்ததுபோல் காதுக்குத் தோன்றவேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் குறையவேண்டும். நான்கில் ஒரு பங்காக வேண்டுமானால் 20 டெசிபெல். ஆகவே குவயட்-22 எழுப்பும் ஓசை 68 டெசிபெல் என்றால், சாதாரணத் தோட்டா எழுப்புவது 88 டெசிபெல் ஆகவேண்டும். அது சமையலறையில் மிக்சி ஓடும் ஓசை! சுடுதளத்தில் ஒரு முறையேனும் நின்ற மாணவர் யாரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். 0.22 ரைபிளின் உச்ச ஓசை சுடுபவரின் காதருகே 130 முதல் 140 டெசிபெல் வரை என்பதே பொதுவாகக் கண்ட அளவு. அதிலிருந்து 20-ஐக் கழித்தால் 110 முதல் 120. விளம்பரத்தின் இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்கவில்லை.

இத்தகைய குழப்பம் எழக் காரணம், துப்பாக்கி ஓசை ஒரு சில மில்லி வினாடிகளே நீடிப்பது. சாதாரண ஒலிமானி, மெதுநிலையில் ஒரு வினாடி அளவுக்குச் சராசரி எடுக்கிறது. ஒரு மில்லி வினாடித் துடிப்பை ஒரு வினாடியில் பரப்பினால் அதன் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகும். கருவி 30 டெசிபெல் குறைத்துக் காட்டும். ஆனால் காதின் நுண்ணிய மயிரணுக்கள் சராசரி பார்த்துக் காயமடைவதில்லை. உச்சமும் அவற்றைத் தாக்குகிறது.

நம் நாட்டுப் பட்டாசு விதி இதில் எவ்வளவோ மேல். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச அளவு 145 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று 1999-ஆம் ஆண்டு முதல் விதி உள்ளது. எவ்வளவு தொலைவு, எவ்வகை அளவு என்பவற்றைச் சேர்த்தே அது சொல்கிறது. இவை இல்லாத டெசிபெல், படியா மரக்காலா என்று சொல்லாமல் நெல் அளந்த கதைதான்.

நம் வயலுக்கு ஏற்றதா?

கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளையும் நாஞ்சில் நாட்டு வயல்களில் எலியும் பறவையும், மலையடிவாரத்து வாழை, மரச்சீனித் தோட்டங்களில் காட்டுப்பன்றியும் தரும் இழப்பு உண்மையானது. ஆனால் அதற்கு ஓசை குறைந்த தோட்டா மருந்தாகுமா?

தகரத்தைத் தட்டியும் பட்டாசு வெடித்தும் காவல் காக்கும் உழவருக்கு ஓசையே கருவி. ஒரு வெடிக்கு நூறு பறவை எழும்பும். சந்தடியற்ற குண்டோ ஒன்றைக் கொல்லும். மற்றவை தொடர்ந்து மேயும். சட்டமும் இடம் தராது. மயில், கிளி, காட்டுப்பன்றி ஆகியவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025-இல் தமிழக அரசு வழிசெய்தபோதும், அப்பணியை வனத்துறையினரிடமே ஒப்படைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓசை குறைந்தால் ஆபத்தும் குறைந்ததாக மனம் நம்பிவிடுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. குவயட்-22 குண்டின் ஆற்றல் சுமார் 60 ஜூல். 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளில் உரிமமின்றி வைத்துக்கொள்ள விடப்பட்டுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உச்ச வரம்பு 20 ஜூல். 'அமைதியான' தோட்டா அதைப்போல் மூன்று மடங்கு. மேல்நோக்கிச் சுட்டால் அந்தக் குண்டு ஒரு கிலோமீட்டர் அளவுக்குச் செல்லக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். அதற்குள் வாழ்வோர் ஏறக்குறைய 3,500 பேர். மாவட்டத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு காடாதலால், ஊர்ப்புறங்களில் இத்தொகை இன்னும் மிகுதி. பரந்த அமெரிக்கப் பண்ணையின் கொல்லைப்புறம் வேறு. வேலிக்கு வேலி வீடு நிற்கும் நம் விளைகள் வேறு.

ஓசையைக் குறைத்துக்கொண்டே போவதிலும் ஓர் எல்லை உண்டு. மெக்சிகோ நாட்டு 'கொலிப்ரி' தோட்டாவில் வெடிமருந்தே இல்லை. வேகம் 375 அடி. நீண்ட ரைபிள் குழலில் குண்டு நடுவழியிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், அதை ரைபிளில் பயன்படுத்தக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கின்றனர். குழலில் குண்டு சிக்கியிருப்பதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கவும் கூடும்.

சுடுதளத்தில், மண்மேட்டை எதிரில் வைத்து, காதுறை அணிந்து குறி பழகுவோருக்கு ஓசை குறைந்த தோட்டா பயனுள்ளதே. அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை குறையும். புதியவர்க்கு வெடிச்சத்தத்தின் அச்சம் நீங்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை.

பாடக் குறிப்பிலுள்ள 2,700 திருத்தப்படவேண்டும். திருத்தும் வேலையை மாணவர்களே தொடங்கலாம். அடுத்த வகுப்பில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லும்போது, வெடிமருந்து 0.1 கிராம்தானே என்று ஒருவர் பணிவோடு கேட்டால் போதும்.