அடி வாங்கிய உடம்பும் நம் தன்வரலாறுகளும்

திருவொற்றியூரில் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) நாவலை எடுத்துக்கொண்டோம். பட்டாளத்து அப்பாவுக்குச் சிலுவை பயப்படும் இடங்கள் வந்தபோது எல்லாரும் சிரித்தோம். அந்த எழுத்தின் எள்ளல் அப்படி. கன்டெய்னர் யார்டில் லோடு வேலை பார்க்கும் ஐம்பது வயதுத் தோழர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க நைனா செத்து இருவது வருசம் ஆவுது. இன்னமும் வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா எனக்கு வயித்தக் கலக்குதுப்பா" என்றார். கூட்டம் அடங்கிப்போனது.

தலித் தன்வரலாறுகளின் குழந்தைப் பருவத்தை விமர்சகர்கள் 'அவமானத்தின் ஆவணம்' என்றும் 'எதிர்ப்பண்பாடு' என்றும் வாசித்திருக்கிறார்கள். தேவையான வாசிப்புதான். ஆனால் அதில் அவமானம் மனசோடு நின்றுவிடுகிறது. உடம்பு காணாமல் போகிறது. பாமாவின் 'கருக்கு' (1992) நூலில், தேங்காய் திருடியதாகப் பழி போட்டு, சாதியைச் சொல்லித் திட்டி, தலைமையாசிரியர் சிறுமியை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பிறகு, பல ஆண்டு கழித்து அதை எழுதுகிறார் பாமா. காயம் ஆறியிருந்தால் அப்படி எழுத வராது.

ராஜ் கௌதமன் பாமாவின் அண்ணன். ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு நூல்கள். தங்கை காட்டிய பள்ளிக்கூடத்தை நாம் மேடைதோறும் பேசினோம். அண்ணன் காட்டிய அப்பாவைச் சிரித்துக் கடந்துவிட்டோம். எதிரி வெளியே இருந்தால் பேசுவது சுலபம். வீட்டுக்குள் இருந்தால் 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி சொல்லி மூடிவிடுகிறோம்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சின்ன வயசில் பட்டதைக் கேட்டார்கள். முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அடி, வசவு, பாலியல் வன்முறை, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, குடி உள்ள வீடு என்று பட்ட வகைகள் கூடக்கூட, பெரியவர்களான பின் இதய நோயும் ஈரல் நோயும் கூடின. நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவை 4 முதல் 12 மடங்கு வரை அதிகம்.

பயந்த பிள்ளையின் இதயம் வேகமாக அடிக்கிறது, கார்டிசால் சுரக்கிறது. ஒருநாள் என்றால் அடங்கிவிடும். தினமும் என்றால் அடங்கும் வித்தையையே உடம்பு மறக்கிறது. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்தப் படபடப்பை அமர்த்த பீடியும் குவார்ட்டரும் வந்து சேர்கின்றன. நம் ஆண்களின் குடியைச் 'சேரிக் குணம்' என்று எழுதும் மேட்டிமைக்கு இது பதில். இது சாத்தியக் கணக்குதான், தலையெழுத்து அல்ல.

அந்த ஆய்வையும் நாம் விமர்சிக்க வேண்டும். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு உள்ள வெள்ளை நடுத்தர வர்க்கத்தார். கேள்விகள் பெரும்பாலும் வீட்டுக்குள் நின்றன. பின்னால் பிலடெல்பியாவில் இனவெறியையும் பாதுகாப்பற்ற தெருவையும் சேர்த்துக் கேட்டார்கள். வாத்தியார் சாதிப்பேர் சொல்லி அடித்ததை யார் கேட்பது? விடுபட்ட அந்தக் கேள்விக்கு நம் தன்வரலாறுகளே பதில்.

என் கதையும் அதுதான். எண்ணூரில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கக்கூஸ் கழுவ மறுத்தேன் என்று வாத்தியார் முட்டியில் அடித்தார். வீட்டில் சொன்னேன். "நீ இன்னா பண்ண?" என்று கேட்டு நைனாவும் அடித்தார். இப்போது முப்பத்தாறு வயதில் பிரஷர் மாத்திரை போடுகிறேன். டாக்டர் உப்பு, சிகரெட் எல்லாம் விசாரித்துவிட்டு "உங்க ஏரியா காத்து அப்படி" என்றார். காற்று கெட்டதுதான். சின்ன வயசை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூத்தன்' (1997) நூலில் தலைமையாசிரியர் சிறுவனைப் பள்ளி மைதானம் பெருக்க வைக்கிறார். மூன்றாம் நாள் அதைப் பார்த்துவிட்ட அப்பா துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்கிறார். அந்த இடத்தில் நான் அழுதேன். பிள்ளையின் பக்கம் நிற்க ஒரு பெரியவர் இருந்தால் பாதிப்பு குறையும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என் நைனாவுக்கு அப்படி நிற்க யாரும் கற்றுத்தரவில்லை. அவரும் அடி வாங்கி வளர்ந்தவர்.

2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டது. மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடிபட்டவர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. அந்தச் சட்டம் பள்ளி வாசலோடு நிற்கிறது.

தோழர்களே, போன வருஷம் என் மகள்மேல் கை ஓங்கினேன். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அந்தக் குறுக்கல் என் உடம்புக்குத் தெரியும். கையை இறக்கிவிட்டேன். இதை எழுதாமல் வாத்தியாரை மட்டும் எழுதினால் என் சாட்சியம் பாதி சாட்சியம்தான்.