வட்டு சொல்வதும் சொல்லாததும்

ஓர் எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டு லினக்ஸ் கணினியில் செருகினேன். ‘சிஸ்’ அடைவுக்குள் பிளாக், வட்டின் பெயர், கியூ என்று இறங்கினால் ‘ரொட்டேஷனல்’ என்றொரு கோப்பு. உள்ளே ஒரே இலக்கம்: 1. அதாவது, சுழலும் வட்டு. சுழல ஏதுமில்லாத பொருளுக்கு இந்தப் பதில்!

வட்டுகளுக்கான ஏட்டா தரத்தில், வட்டு தன்னைப் பற்றித் தரும் விவரத்தில், இதற்கென்றே 217ஆம் சொல் இருக்கிறது. 1 என்றால் சுழலாதது, பெரிய எண் என்றால் சுழற்சி வேகம், 0 என்றால் ‘சொல்லப்படவில்லை’. தரம் மூன்று பதில்களுக்கு இடம் வைத்தது. லினக்ஸ் அவற்றை இரண்டாகச் சுருக்கி, சொல்லாததைச் சுழல்வதோடு சேர்த்துவிட்டது. உறையின் சில்லு தகவலைக் கடத்தாததால் வந்த வினை இது.

வட்டைப் பற்றி நிரலுக்குச் சொல்வதில் பெர்க்லி யூனிக்ஸ் மரபு சிக்கனமானது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டியின் கோப்பு முறைமை, வட்டின் சுழற்சியைக் கணக்கிட்டே தரவை அடுக்கியது. நிரலுக்கோ ‘ஸ்டாட்’ வழியாக ஒரே எண்தான் வந்தது: இத்தனை பைட்டாகப் படித்தால் நல்லது. ஆப்பிள் எல்லாவற்றையும் ஐஓகிட் பதிவேட்டு மரத்தில் தொங்கவிடுகிறது. விண்டோஸில் நிரலே வட்டிடம் கேட்க வேண்டும். ‘சுழல்கிறாயா?’ என்று கேட்காமல் ‘தேடிப் போக நேரம் பிடிக்குமா?’ என்று விண்டோஸ் 7 கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. நிரலுக்கு வேண்டியது வட்டின் நடத்தைதானே.

பெரிய சோதனை 2010 வாக்கில் வந்தது. 512 பைட்டு செக்டர் உள்ளே 4096 ஆனது; வெளியே வட்டு 512 என்றே சொன்னது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வட்டுப் பகிர்வு 63ஆம் செக்டரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256. அது 4096ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் கோப்பு முறைமையின் ஒவ்வொரு 4096 பைட்டுத் துண்டும் இரண்டு செக்டர்களில் கால் வைத்தது. எழுதும் வேகம் படுத்தது. 2009இல் வெளியான லினக்ஸ் 2.6.31 இரு அளவுகளையும் தனித்தனியே காட்டத் தொடங்கியிருந்தது. படிக்க, எழுத உகந்த அளவு என்னவென்று வட்டு சொல்லாவிட்டால் அங்கே 0 நிற்கும். அந்த 0வை நான் மதிக்கிறேன்.

இயங்குதளத்தின் இடைச்சேமிப்பைத் தவிர்த்துப் படிக்கும் நேரடி வாசிப்புக்கு எந்த எல்லையில் தொடங்க வேண்டும் என்பதை நிரல்கள் வெகுகாலம் ஊகித்தே வந்தன, தவறினால் பிழைதான். 2022இல் லினக்ஸ் 6.1 ‘ஸ்டாட்எக்ஸ்’ அழைப்பில் அதற்கும் வழி செய்தது. இங்கே பதில் 0 என்றால், அந்தக் கோப்பில் நேரடி வாசிப்பு கிடையாது. பதிலே இல்லையென்றால், அதைக் காட்டத் தனியாக ஒரு பிட் உண்டு.