சாமியைத் திட்டலாமா? சுந்தரர் கண்ணிழந்து பாடிய பதிகங்களை முன்வைத்து

பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஓவியத்துக்காகத்தான் போகிறார்கள். குடையின் கீழ் ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து நிற்கும் தேவி. அவள் பார்த்துக்கொண்டிருப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடுகிறவரின் உருவம் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எனக்கு ஓவியத்தைவிடக் கல்வெட்டுகளில் ஆர்வம் அதிகம் என்பதால், இந்தக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனிடமிருந்தே (சுமார் பொ.ஆ. 700–728) இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

பனமலைக் கோயிலின் அடித்தளத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதிலுள்ள ஒரு சுலோகம் காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டிலும் வருகிறது. இரண்டு கோயிலும் ஒரே அரசன் கட்டியவை என்று சொல்ல அதுவும் ஒரு சான்று. காஞ்சிக் கல்வெட்டில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. துஷ்யந்தன் போன்ற பழைய யுகத்து அரசர்களுக்கு அசரீரி கேட்டதில் வியப்பில்லை, இந்தக் கலியுகத்தில் நம் அரசனுக்குக் கேட்டதே, அதுதான் வியப்பு என்கிறது அது. கட்டியவருக்கு வானத்திலிருந்து குரல் வருகிறது. கல்லிலும் பதிவாகிவிடுகிறது. கடவுளோடு சுமுகமான உறவு.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாரைச் சிவன் ஓலை காட்டி அடிமை கொண்டதாகச் சொல்லப்படும் ஊர். கல்யாண மேடையிலிருந்து வழக்காடி இழுத்துவந்த கிழவரைப் 'பித்தன்' என்று திட்டினார் சுந்தரர். பிறகு, பாடு என்று சொன்னபோது அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துத் தொடங்கினார் என்பது பெரியபுராணக் கதை. ஏழாம் திருமுறையின் 100 பதிகங்களில் முதல் பதிகம் அது. திருத்தொண்டத்தொகையில் அவர் தன் காலத்து அரசனாகக் குறிப்பிடும் கழற்சிங்கன் இந்த ராஜசிம்மன்தான் என்று ஒரு சாராரும், 9ஆம் நூற்றாண்டு மூன்றாம் நந்திவர்மன் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். அந்த விவாதம் இருக்கட்டும். இந்தக் குறிப்பில் எனக்கு வேண்டியது, சுந்தரருக்குக் கடவுளிடமிருந்து கிடைத்த பதில். அது அரசனுக்குக் கிடைத்த பதில் மாதிரி இல்லை.

கதை பலருக்கும் தெரியும். திருவாரூரில் பரவையார் மனைவி. பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கிறார், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அந்த வழிநெடுகப் பாடியதாகச் சொல்லப்படும் பதிகங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும்: இந்த ஆள் ஒரே நிலைப்பாட்டில் நிற்கவில்லை.

ஒற்றியூர்ப் பதிகத்தில் (54) பேரம் பேசுகிறார். உனக்கு மூன்று கண் இருக்கும்போது என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் கணக்கு வழக்கு என்றால், ஊன்றிக்கொள்ள ஒரு கோலாவது கொடு என்கிறார். மக நட்சத்திரத்தில் புகுந்த சனி மாதிரி ஆகிவிட்டாயே எனக்கு என்று சிவனிடமே சொல்கிறார். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு வீட்டுச் செய்தி. வீட்டுப் பெண்களிடம் ஏதாவது சொன்னால், கூப்பிடாதே போ குருடா என்கிறார்களாம், தாங்க முடியவில்லை என்கிறார். கண் போனதைவிட அந்த 'போ' வலிக்கிறது. நீண்ட நாள் நோயில் கிடந்தவர்களுக்கும், வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் இதற்கு உரை தேவைப்படாது.

திருவெண்பாக்கத்தில் (89) தொனி வேறு. இது பூண்டிப் பக்கம். பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால் இப்போதைய கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. இங்கே தப்பை ஒப்புக்கொள்கிறார். பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் செய்தேன், உமக்கு வரும் பழியைக்கூடப் பார்க்காமல் என் கண்ணை மறைத்துவிட்டீரே என்கிறார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். உள்ளிருந்து பதில் வருகிறது. இன்றைய பேச்சில் சொன்னால்: "இருக்கோம், நீங்க கெளம்புங்க." நண்பனாக நடத்திய கடவுள் திடீரென்று பன்மைக்கு, மரியாதைக்கு மாறிவிடுகிறார். நெருக்கமாக இருந்தவர் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பிப்பது எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்தானே?

காஞ்சி ஏகம்பத்தில் ஒரு கண் கிடைத்துவிட்டது. பிறகு வருகிறது திருவாரூர்ப் பதிகம் (95). இங்கே மறுபடி தலைகீழ். நான் அடமானப் பொருள் இல்லை, விரும்பி வந்து அடிமையானவன், குற்றம் எதுவும் செய்யவில்லை, ஏன் என் கண்ணை எடுத்தீர், பழி உம்மேல்தான் என்கிறார். வெண்பாக்கத்தில் ஒப்புக்கொண்ட பிழை எங்கே போயிற்று? பாட்டுக்குப் பாட்டு, "நீங்களாவது நல்லா இருந்துட்டுப் போங்க" என்ற பொருளில் முடியும் கசப்பான ஈற்றடி. கன்று முட்டச் சுரக்கும் பசுவைப் போல விடாமல் பாடுகிற அடியவன் கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால், நீங்க நல்லா இருங்க. இன்னொரு பாட்டு இன்னும் கடுமை. அடியார்கள் துன்பத்தைச் சொல்லும்போது அவர்களை இங்கே வருத்திவிட்டு மறுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்களானால், நீங்க நல்லா இருங்க. அடுத்த பிறவி, மேலுலகம் என்று நாம் கொடுக்கும் ஆறுதல் அத்தனையையும் ஒரு பக்தரே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

என் தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்தால் இரண்டு ஆவணங்கள் மிஞ்சும். ஒன்று லாக். விழுந்துகொண்டிருக்கும்போதே வரிக்கு வரி பதிவாவது, குழப்பமாக இருக்கும், ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். இன்னொன்று எல்லாம் அடங்கியபின் எழுதும் 'ரூட் காஸ்' அறிக்கை. இதனால் இது, அதனால் அது என்று நேராக இருக்கும். தேவாரம் லாக். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது அறிக்கை. சத்தியத்தை மீறினார், அதனால் கண் போயிற்று. அறிக்கையை மட்டும் படித்தவர்களுக்கு ஆரூர்ப் பதிகத்தின் கோபம் கேட்காது. தண்டனை பெற்றவர் மன்னிப்புக் கேட்கும் பாட்டாகவே அது தெரியும்.

சேக்கிழார் மேல் பழி போட்டு முடித்துவிடவும் முடியாது. அவர் அறிக்கையில் இரண்டு விஷயங்களை மறைக்கவில்லை. ஒன்று சங்கிலியார். சுந்தரர் குற்றமே செய்யவில்லை என்று சொல்லும்போது, வாக்குறுதி நம்பி ஏமாந்த ஒரு பெண் பாட்டிலிருந்து காணாமல் போகிறாள். புராணம்தான் அவளுக்கு இடம் கொடுக்கிறது. இரண்டாவது, கடவுளின் பங்கு. சத்தியம் செய்யும்போது கருவறையில் இல்லாமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் சிவனைக் கேட்டுக்கொள்கிறார். சரி என்றவர், மகிழின் கீழ் சத்தியம் வாங்கு என்று சங்கிலியாருக்கும் சொல்லிவிடுகிறார். கடவுளும் இந்த விவகாரத்தில் ஒரு கட்சிக்காரர் என்று எழுதும் துணிச்சல் அந்தப் புராணத்துக்கு இருக்கிறது. நம்மிடம்தான் இல்லை.

நாம் என்ன செய்திருக்கிறோம்? இந்தப் பதிகங்களைக் 'கண் நோய் தீர ஓத வேண்டியவை' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டோம். சண்டை மருந்துச்சீட்டாகிவிட்டது. ஓதுகிறவர்களை நான் கேலி செய்யவில்லை, ஆபரேஷனுக்கு முந்தின இரவு எதைப் பிடித்துக்கொள்வது என்பது அவரவர் விஷயம். ஆனால் அர்த்தம் தெரிந்து ஓதினால், கும்பிட்டுக்கொண்டே சாமியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது புரியும். அது தெரிந்தால் ஓதுவது குறையாது, இன்னும் உரிமையோடு ஓதலாம்.

இது ஏட்டு விஷயம் இல்லை என்பதற்கு ஒரு காரணம் எனக்கு உண்டு. 2021இல், கொரோனா இரண்டாம் அலையில், என் அத்தை தன் மகனை இழந்தார். அதற்குப் பிறகு பல மாதம் விளக்கேற்றவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்தது விளக்கங்கள்: போன ஜென்மத்துப் பாவம், குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட குறை, சாமி சோதிக்குது. ஒரு நாள் பூஜை அறை வாசலில் நின்று, "ஒனக்குக் கண்ணு இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். அபச்சாரம் என்று பதறி அவரை அடக்கினார்கள். மூன்று கண் உள்ளவனிடம் கண் கணக்குக் கேட்ட பாட்டு நம் திருமுறையிலேயே இருக்கிறது என்று அங்கே சொல்ல ஆள் இல்லை.

விவிலியத்தின் யோபு கதையிலும் இதே நிலைமை. எல்லாம் இழந்தவனிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்குகிறார்கள். யோபு கடவுளிடம் நேராக வழக்காடுகிறான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களைத்தான், யோபுவைப் போல அவர்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். வேறு மொழி, வேறு சமயம். ஆனால் காரணம் சொல்கிறவனைவிடச் சண்டை போடுகிறவன் கடவுளுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்ற கணிப்பு இரண்டிலும் ஒன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். சுந்தரருக்குக் கண் திரும்பக் கிடைத்தது ஐயா, அதனால்தான் பாட்டு மிஞ்சியது. கண் கிடைக்காதவர்களின் பாட்டை யார் தொகுத்தார்கள்? உண்மைதான். ஜெயித்தவர்களின் தரவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரும் தவறு எந்த ஆய்விலும் உண்டு. கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்கள் நம்பிக்கையை விட்டது கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். என் அத்தைக்கு மகன் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

ஆனால் ஆரூர்ப் பதிகத்தை இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது கண் கிடைத்த செய்தி அந்தப் பதிகத்துக்குள் எங்கும் இல்லை, அது புராணம் சொல்வது. கடைசிப் பாட்டிலும் ஊரறிய என் கண்ணை எடுத்தீர், பழி உமக்குத்தான் என்ற அதே குற்றச்சாட்டோடு பதிகம் முடிந்துவிடுகிறது. தீர்வு இல்லாமல், சமாதானம் இல்லாமல். திருமுறையாகத் தொகுத்தவர்கள் அதை வெட்டவில்லை, ஓதுவார்கள் அப்படியேதான் பாடுகிறார்கள். பதில் வராதவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

அத்தை இப்போது விளக்கேற்றுகிறார், வெள்ளிக்கிழமை மட்டும். கும்பிடுவதில்லை. "ஏத்தறேன், அவ்ளோதான்" என்கிறார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை.